எழுத்தைக் கொடுத்தது எந்தக் கடவுள்?

சீன தேசத்துப் புராணக்காரர்கள் நம்முடைய புராணக்காரர்களுக்கு எவ்விதத்திலும் இளைத்தவர்கள் அல்ல. எழுத்து எப்படி உண்டாயிற்று என்று கேட்டால், மஞ்சள் சக்கரவர்த்தியிடம் சாங் ஜியே என்று ஓர் உத்தியோகஸ்தன் இருந்தானாம். அவனுக்கு நான்கு கண்களாம். பறவைகளின் காலடித் தடத்தைப் பார்த்து எழுத்தைச் செய்தானாம். உடனே வானத்திலிருந்து தானிய மழை பெய்ததாம். இரவில் பேய்கள் அழுதனவாம். பிரமன் எழுத்தைப் படைத்தான், சிவன் உடுக்கையிலிருந்து எழுத்து உதிர்ந்தது என்று கேட்டுப் பழகிய நமக்கு இது ஒன்றும் அதிசயமல்ல. ஆனால் ஒன்று யோசிக்கத்தக்கது. பேய் ஏன் அழவேண்டும்? ஜனங்கள் படிக்க ஆரம்பித்தால் பேய்க்குப் பிழைப்பு ஏது? கதை கட்டியவன் தன்னை அறியாமலே ஓர் உண்மையைக் கக்கிவிட்டான்!

நிற்க, கதையை விட்டுவிட்டு மண்ணைக் கேட்போம். ஹாங்ஜோ நகரத்துக்குப் பக்கத்தில் லியாங்ஜு என்னும் இடத்தில் 1936-ல் தோண்டத் தொடங்கினார்கள். கி.மு. 3300 முதல் 2300 வரை அங்கே வாழ்ந்த மக்கள் ஜேடு என்னும் பச்சைக்கல்லில் செய்த வேலை இன்றைக்கும் திகைக்க வைக்கிறது. 1986-ல் ஃபான்ஷான் என்ற மேட்டில் ஒரு பிரபுவின் குழியிலிருந்து ஆறரைக் கிலோ எடையுள்ள ஒரு கல் கிடைத்தது. வெளியே சதுரம், நடுவே வட்டத் துளை. பக்கங்களில் இறகு முடியும் உருண்டைக் கண்களும் கொண்ட ஒரு முகம். அந்த முகத்தின் கோடுகள் தலைமயிர் போல மெல்லியவை. அந்தக் காலத்தில் அவர்களிடம் இரும்பு கிடையாது. மணலையும் தண்ணீரையும் வைத்து நாள்கணக்கில், மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துச் செய்த வேலை அது. எந்தக் கடவுள் உட்கார்ந்து தேய்த்தார் என்று கேட்கிறோம். பிரபுவின் குழியில் நூற்றுக்கணக்கான ஜேடுகள். பாடுபட்டவன் குழியில் சில மண்சட்டிகள். ஐயாயிரம் வருஷத்துக்கு முன்பே உழைப்பவன் ஒருவன், அனுபவிப்பவன் வேறொருவன்!

இந்த ஜேடுகளில் சிலவற்றின்மேல், மேற்சொன்ன முகம் அல்லாமல், லேசாகக் கீறிய குறிகளும் இருக்கின்றன. படி வைத்த மேடைமேல் ஒரு பறவை நிற்பது அவற்றில் ஒன்று. வடக்கே ஷாண்டோங் பக்கத்து தாவென்கோ மக்களின் பானைகளிலும் இவற்றைப் போன்ற குறிகள் உண்டு. பறவையும் மலையும் சேர்ந்ததுதான் சீன எழுத்தில் 'தீவு'. ஆகையால் ஜேடில் இருப்பதும் எழுத்தே என்கிறார்கள் சில பண்டிதர்கள். அது ஒரு குலத்தின் அடையாளமாக இருக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். நாம் சொல்வது இதுதான்: ஒரு குறி பேச்சிலுள்ள ஒரு சொல்லோடு கட்டுப்பட்டு, மற்றக் குறிகளோடு சேர்ந்து வாசகமாக நிற்கும் வரையில் அதை எழுத்து என்று சாதிக்க ஆதாரம் போதாது. எங்கள் எழுத்து எல்லாவற்றுக்கும் மூத்தது என்று மார் தட்டும் தேசாபிமானம் எந்த நாட்டில் இருந்தாலும் அது புராணத்தின் தம்பிதான். ஆனால் கல்லைத் தேய்த்தவன், பானை வனைந்தவன் கைகளில் குறி போடும் பழக்கம் வளர்ந்து வந்தது என்பது மட்டும் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. அதற்கு நான்கு கண் வேண்டியதில்லை.

சந்தேகமற்ற எழுத்து கிடைப்பது கி.மு. 1200-ஐ ஒட்டித்தான். ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் கீறியவை அவை. இந்த எலும்புகளை 'டிராகன் எலும்பு' என்று மருந்துக்கடைகளில் இடித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்! 1899-ல் வாங் யிரோங் என்பவர் அவற்றில் எழுத்து இருப்பதைக் கண்டார். 1928 முதல் ஆன்யாங்கில் முறையாகத் தோண்டினார்கள். என்ன எழுதியிருக்கிறது? மழை வருமா, அரசனுக்குப் பல்வலி எந்த மூதாதை செய்த கோபம், எத்தனை பேரைப் பலியிடலாம் என்று குறி கேட்டவை. ஊ டிங் அரசனின் மனைவி ஃபூ ஹாவோவுக்குப் பிரசவம். பதிலாகப் பதிந்திருப்பது என்ன தெரியுமா? 'நன்றாக இல்லை, பெண்.' படை நடத்திய அந்த அம்மையாரின் சமாதி 1976-ல் அகப்பட்டது. உள்ளே 755 ஜேடுகள், கூடவே பலியிடப்பட்ட மனிதர்கள். கல்லாக அவளுக்குக் கொடுத்த மரியாதையை அவள் பெற்ற பெண்ணுக்குக் கொடுக்க எழுத்து முன்வரவில்லை. எழுத்து அரசன் கையிலும் குறி சொல்பவன் கையிலும் இருந்தால் அது இப்படித்தான் பேசும்.

மனிதன் செய்ததை மனிதன் திருத்தலாம். சீனத்தில் 1956-ல் கோடுகளைக் குறைத்து எழுத்தைச் சுலபமாக்கினார்கள். இங்கே 1935-ல் பெரியார் 'குடி அரசு' ஏட்டில் பழைய லை, ணை, றா முதலியவற்றை மாற்றி அச்சிட்டபோது, தமிழே அழிந்துவிடும் என்றார்கள். 1978-ல் அரசாங்கமே அந்தச் சீர்திருத்தத்தில் பெரும்பகுதியை ஆணையாகப் போட்டது. வானத்திலிருந்து தானியமும் கொட்டவில்லை, இரவில் பேயும் அழவில்லை. பிள்ளைகள் பாட்டுக்குப் படித்துக்கொண்டு போகிறார்கள்.