நடுவில்தான் மத்தளமும் இருக்கிறது

பழங்காலப் போர் விளையாட்டுகளில் வரைபடத்தின் நடுவே படையை நிறுத்தியவனுக்குத் தோல்வியே கிடையாது என்று நம் நெய்வேலி நகரியத்து நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். யாரை முதலில் அடிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை நடுவில் நிற்பவனுக்குத்தானாம். சாட்சிக்கு நெப்போலியனையும், தலையாலங்கானத்தையும், பக்கத்துத் திருநாவலூரில் பாசறை அமைத்த சோழ இளவரசன் இராசாதித்தனையும் அழைத்து வந்திருக்கிறார். கூண்டில் ஏற்றியவர் விசாரிக்க மறந்துவிட்டார். மூவரும் அவருக்கு எதிராகவே பேசுகிறார்கள்.

1796 ஏப்ரலில் ஆஸ்திரியப் படைக்கும் பியெட்மான்ட் படைக்கும் நடுவே நெப்போலியன் புகுந்தார். புகுந்து உட்காரவில்லை. ஆஸ்திரியர்களைத் தள்ளிவிட்டு, அவர்கள் சுதாரித்துத் திரும்புவதற்குள் பியெட்மான்ட்டை மடக்கினார். அந்த மாதம் முடிவதற்குள் அந்த நாடு போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. அதே மனிதர் 1815 ஜூன் 16-இல் பிரஷ்யர்களை லினியில் தோற்கடித்தார், ஆனால் அவர்களைத் தப்பவிட்டார். இரண்டே நாளில் அவர்கள் வாட்டர்லூவில் வந்து விலாவில் இடித்தார்கள். அப்போதும் அவர் நடுவில்தான் நின்றார்.

தலையாலங்கானத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சேரன், சோழன், வேளிர் ஐவர் என எழுவரும் ஒன்றுகூடி வந்த களம் அது. பாண்டியன் நெடுஞ்செழியன் யாரையும் பிரித்து அடிக்கவில்லை. மொத்தமாக மோதி வென்றான். இதில் நடுவும் இல்லை, ஓரமும் இல்லை.

இராசாதித்தன் கதைக்கு வருவோம். நண்பர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருப்பது இங்கேதான். வடக்கே இராஷ்டிரகூடர், மேற்கே கங்கர், இரண்டுக்கும் நடுவே, திருநாவலூர் அடங்கிய திருமுனைப்பாடியில் சோழப் படை என்று அழகாகப் படம் போடுகிறார். அந்தப் படை அங்கே என்ன செய்தது? ஆண்டுக்கணக்கில் காவல் காத்தது. இளவரசனின் படைத்தலைவன், கேரளத்துப் புத்தூர் வெள்ளன் குமரன், தென்பெண்ணைக் கரையில் கிராமம் என்ற ஊரில் 943-இல் கற்கோயிலே எழுப்பிவிட்டான். கோயில் கட்ட நேரம் இருந்த படைக்கு, எதிரிகளில் ஒருவனைத் தனியாகப் பிடித்து ஒடுக்க நேரம் கிடைக்கவில்லை. அந்த எதிரிகளும் லேசில் பிரியக்கூடியவர்கள் அல்லர். கங்க மன்னன் பூதுகன், இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் சகோதரியை மணந்தவன். அவன் கங்க அரியணை ஏறியதே கிருஷ்ணனின் துணையால். 949-இல் தக்கோலத்தில் மைத்துனர் இருவரும் ஒரே களத்தில் நின்றார்கள். யானை மேலிருந்த இராசாதித்தனைக் கொன்றவன் பூதுகன் என்று ஆதகூர்க் கல்வெட்டு சொல்கிறது. பரிசாக அவனுக்கு வனவாசி பன்னீராயிரம் கிடைத்தது. ‘ஓர் அம்பு தவறியிருந்தால் கதையே வேறு’ என்கிறார் நண்பர். இருக்கலாம். ஆனால் அந்த அம்பை எய்த கங்கன் அன்று கிருஷ்ணனோடு சேர்ந்து நின்றதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இவ்வளவு நம்பிக்கை நண்பருக்கு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிகிறது. ‘ரோம்: டோட்டல் வார்’ ஆட்டத்தில் கணினி எதிரிகள் பெரும்பாலும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வருவதில்லை. இன்று ஒருவன், நாளை ஒருவன் என்று வரிசையில் வந்து உதை வாங்கிப் போகிறார்கள். அந்தக் குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டியவர் பூதுகனுக்கும் பாடம் நடத்துகிறார்.

கணினியே வேண்டாம், ஆடுபுலி ஆட்டம் போதும். பக்கத்தில் ஆடு, அதற்கு நேர் அடுத்த புள்ளி காலி என்றால்தான் புலி தாண்டி வெட்டலாம். அந்தக் காலிப் புள்ளியில் இன்னோர் ஆடு வந்து நின்றுவிட்டால் புலி வெறும் பார்வையாளன். பதினைந்து ஆடும் இறங்கும்வரை கட்டத்தின் நடுவில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் புலிதான் முதலில் அடைபடும். ஆடு இறங்க இறங்க வெட்டித் தீர்க்கிற புலிக்கே பிழைப்பு.

நண்பருக்கு ஐயம் இருந்தால் வரட்டும், தரையில் கட்டம் வரைகிறேன். மூன்று புலியும் அவருக்கே. நடுப்புள்ளியையும் அவரே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு ஆடுகள் போதும்.