அரண்மனையைக் கேடயமாக்காதீர்கள்

2021இல் மலேசிய நாடாளுமன்றம் முடக்கப்பட்டதைக் குறை சொல்வது மாமன்னரையே குறை சொல்வதாகும் என்று பிரிக்பீல்ட்ஸ் கூட்டமொன்றில் நண்பர் பேசினார். கோவிட் தொற்றிலிருந்து உயிர்களைக் காக்கத்தான் அந்த முடிவு என்றும் சொன்னார். இரண்டுமே தவறு.

நாடாளுமன்றத்தை முடக்கிய அவசரகாலத்தைக் கேட்டது அன்றைய பிரதமர் முகிடின் யாசினின் அமைச்சரவை. 2020 அக்டோபரில் அதே கோரிக்கை வந்தபோது மாமன்னர் சுல்தான் அப்துல்லா ஏற்கவில்லை. 2021 சனவரி 12இல்தான் பிரகடனம் வந்தது. சூன் 16இல், நாடாளுமன்றம் விரைவில் கூட வேண்டும் என்று சொன்னவரும் அவரே. அரசாங்கமோ சூலை 26 வரை இழுத்தடித்தது. அவசரச் சட்டங்களின் ரத்துக்கு மாமன்னரின் ஒப்புதல் பெறப்படவில்லை என்று சூலை 29இல் அரண்மனை வெளிப்படையாகவே அறிவித்தது. அரண்மனையின் பெயரைச் சொல்லி நண்பர் யாருக்காக வாதாடுகிறார்?

உயிர்கள் காக்கப்பட்டனவா? பிரகடனத்தின்போது அன்றாடத் தொற்று மூவாயிரத்தைச் சுற்றி இருந்தது. சூலை இறுதியில் 17,000ஐத் தாண்டியது. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் கட்டில் கிடைக்காமல் நாற்காலியில் சாய்ந்தபடி ஆக்சிஜனுக்குத் தவித்தார்கள் நம் மக்கள். அந்த நேரத்தில் கிள்ளான் உறுப்பினர் எழுந்து கேள்வி கேட்க அவையே இல்லை. பொய்ச் செய்திக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் வெள்ளி வரை அபராதமும் விதிக்கும் சட்டம் மட்டும் விவாதமே இல்லாமல் வந்துவிட்டது.

1969 மே கலவரத்துக்குப் பிறகும் இதேபோல் 1971 பிப்ரவரி வரை அவை கூடவில்லை. அப்போது பட்டதே போதும். அடுத்த முறை எந்த அரசாங்கம் அவசரகாலம் கேட்டாலும், உங்கள் தொகுதி உறுப்பினரிடம் போய் 'கூடாது' என்று சொல்லுங்கள்.