சேறு, சைரன், ஷ்னிட்சல்... ஜெர்மனியை மறக்காத அமெரிக்கச் சிப்பாய்கள்!

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற தாத்தாவோ மாமாவோ உங்கள் சொந்தத்தில் இருந்தால் இது தெரிந்திருக்கும். 'சண்டை எப்படி இருந்துச்சு?' என்று கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவார். 'மெஸ்ல சாப்பாடு எப்படி?' என்று கேட்டுப் பாருங்கள். காலை டீயில் ஆரம்பித்து ராத்திரி ரம் வரைக்கும் இரண்டு மணி நேரம் ஓடும்.

இது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. அமெரிக்காவில் இன்று 60, 70, 80 வயதுகளில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினரில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. இளமையில் ஜெர்மனியில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் எழுதியதைப் படித்தாலும் பேசியதைக் கேட்டாலும் முதலில் வருவது துப்பாக்கி இல்லை. சேறு, குளிர், பீர், பொரித்த இறைச்சி, அப்புறம் ஒரு சைரன் சத்தம். இந்த வாரம் அவர்கள் கதைதான்.

அங்கே ஏன் போனார்கள்?

1945-ல் இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியை நான்கு நாடுகள் பங்கு போட்டுக்கொண்டன. அதில் தெற்குப் பக்கம் அமெரிக்காவுக்கு. ஆக்கிரமிக்க வந்த ராணுவம், சோவியத் யூனியனோடு பகை முற்றியதும் காவல் காக்கும் ராணுவமாக அங்கேயே தங்கிவிட்டது. 1980-களில்கூட சுமார் 2.5 லட்சம் அமெரிக்க வீரர்கள் மேற்கு ஜெர்மனியில் இருந்தார்கள்.

ஒரே பயம் கிழக்கிலிருந்து டாங்கிகள் வந்துவிடுமோ என்பதுதான். வந்தால் எந்த வழியாக வரும் என்பதையும் கணித்து வைத்திருந்தார்கள். ஃபுல்டா என்ற ஊரை ஒட்டி மலைகளுக்கு நடுவே ஒரு தாழ்வான பாதை இருக்கிறது. அங்கிருந்து ஃபிராங்க்ஃபர்ட் நகரம் சுமார் 100 கிலோமீட்டர்தான். இந்த 'ஃபுல்டா இடைவெளி'யைக் காக்க வேண்டும் என்பதற்காகவே பல தலைமுறை இளைஞர்கள் பயிற்சி எடுத்தார்கள்.

சேறு என்றால் அது 'கிராஃப்'!

அந்தப் பயிற்சிக்குப் பெயர் போன இடம் பவேரியாவில் உள்ள கிராஃபன்வோர். சிப்பாய்கள் செல்லமாக 'கிராஃப்' என்பார்கள். 1910 ஜூன் 30 அன்று பவேரிய ராணுவம் இங்கே முதல் பீரங்கிக் குண்டைச் சுட்டது. பிறகு ஹிட்லர் காலத்தில் சுற்றியிருந்த கிராமங்களைக் காலி செய்து இடத்தைப் பெரிதாக்கினார்கள். 230 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு. போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் கைக்கு வந்தது.

டாங்கிகளை ரயிலில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். கை ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சில்லிட்டிருக்கும் இரும்புச் சங்கிலியை இழுத்து, வேகனில் டாங்கியைக் கட்டும் வேலையைப் பழையவர்கள் யாரும் மறப்பதில்லை. எம்-60 டாங்கி ஒன்றில் நான்கு பேர்: கமாண்டர், சுடுபவர், குண்டு நிரப்புபவர், ஓட்டுநர். பகலிலும் இரவிலும் நகரும் இலக்குகளைச் சுட்டுத் தேர்ச்சி பெற வேண்டும். தேர்ச்சி பெறாத குழுவுக்குப் படைப்பிரிவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. நம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் மாதிரிதான்.

இதிலும் கப் உண்டு. நேட்டோ நாடுகளின் டாங்கிக் குழுக்கள் மோதும் 'கனடா ராணுவக் கோப்பை' போட்டி 1963-ல் தொடங்கியது. அமெரிக்கா அதை முதன்முறையாக வென்றது 1987-ல்தான், இதே கிராஃபன்வோரில்!

அதிகாலை சைரன்

பயிற்சிக் களத்தில் மட்டும்தான் கஷ்டம் என்று நினைக்காதீர்கள். முகாமில் தூங்கும்போது விடிவதற்கு முன்பே சைரன் அலறும். மூட்டை, துப்பாக்கி, வண்டி எல்லாவற்றோடும் குறித்த நேரத்துக்குள் முகாமைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். பயிற்சியா, நிஜமா என்று சாதாரணச் சிப்பாய்க்குச் சொல்ல மாட்டார்கள்.

குடும்பத்தோடு இருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். கணவர் இருட்டில் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடுகிறார். திரும்பி வருவாரா, எல்லையில் ஏதாவது ஆரம்பித்துவிட்டதா என்று மனைவிக்கும் தெரியாது. சில மணி நேரம் கழித்து சலிப்போடு வந்து, 'காபி இருக்கா?' என்று கேட்டால்தான் மூச்சு வரும்.

துப்பாக்கியைத் தொலைத்த லெஃப்டினென்ட்

பின்னாளில் அமெரிக்க முப்படைகளின் தலைமைத் தளபதியாகவும், வெளியுறவு அமைச்சராகவும் ஆன காலின் பவலின் முதல் போஸ்டிங் ஜெர்மனியில் உள்ள கெல்ன்ஹாவுசன். வருடம் 1958. வயது 21.

அணுகுண்டு சுடக்கூடிய 280 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றுக்குக் காவல் போகச் சொன்னார்கள். பெருமையோடு கிளம்பியவர், வழியில் இடுப்பைத் தடவிப் பார்த்தால் கைத்துப்பாக்கியைக் காணோம்! ராணுவத்தில் ஆயுதத்தைத் தொலைப்பது சாதாரணக் குற்றம் இல்லை. மறைக்காமல் ரேடியோவில் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்ததும் அவருடைய கேப்டன் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார். கிராமத்துப் பிள்ளைகள் கண்டெடுத்தார்கள், ஒரு குண்டு வெடித்த சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப்போய் வாங்கினோம் என்றார். பவலுக்கு ரத்தமே உறைந்துபோனது. அப்புறம் எண்ணிப் பார்த்தால் ஒரு குண்டும் குறையவில்லை. துப்பாக்கி கிடந்தது அவருடைய சொந்தக் கூடாரத்தில்தான்! பாடம் புகட்டுவதற்காக கேப்டன் கட்டிய கதை அது. விசாரணை, தண்டனை என்று போயிருந்தால் அந்த இளைஞரின் ராணுவ வாழ்க்கை அங்கேயே முடிந்திருக்கலாம். பவல் இதைத் தன் சுயசரிதையில் நன்றியோடு எழுதியிருக்கிறார்.

சனிக்கிழமை சாயங்காலம்

லீவு கிடைத்தால்? ஊருக்கு ஊர் 'காஸ்ட்ஹவுஸ்' உண்டு. சாப்பாடும் பீரும் தங்க அறையும் கிடைக்கும் கிராமத்து விடுதி. மாவில் புரட்டிப் பொரித்த ஷ்னிட்சல், உருளைக்கிழங்கு, ஒரு பெரிய கிளாஸ் பீர். 1960-களில் ஒரு டாலருக்கு நான்கு ஜெர்மன் மார்க் கிடைத்ததால் சாதாரணச் சிப்பாயும் ராஜாதான். 1970-களின் கடைசியில் அதே டாலருக்கு இரண்டு மார்க்கூட கிடைக்கவில்லை. எனவே எந்த வருடத்தில் வேலை பார்த்தார் என்பதைப் பொறுத்து ஒருவருடைய நினைவில் ஜெர்மனி மலிவான ஊராகவோ, கையைக் கடித்த ஊராகவோ இருக்கும்.

பெர்லின் பக்கம் போனவர்கள் மறக்காதது 'கறிவுர்ஸ்ட்'. பொரித்த தொத்திறைச்சி மேல் தக்காளி சாஸும் கறிப்பொடியும் தூவித் தருவார்கள். 1949-ல் ஹெர்டா ஹோய்வர் என்ற பெண் இதை உருவாக்கினார். பிரிட்டிஷ் வீரர்களிடமிருந்து அவருக்குக் கறிப்பொடி கிடைத்ததாகச் சொல்வார்கள். நம் 'கறி' எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள்!

பாட்டும் உண்டு. அமெரிக்க விமானப்படையில் ரேடியோ சங்கேதங்களை ஒட்டுக்கேட்கும் வேலைக்காக லாண்ட்ஸ்பெர்க் வந்த ஜானி கேஷ், சில டாலர்களுக்கு அங்கேதான் தன் முதல் கிடாரை வாங்கினார். பிறகு உலகமே அவர் பாட்டைக் கேட்டது.

எல்விஸ் பிரெஸ்லி கதை நேர் எதிர். உலகப் புகழோடு வந்து சிப்பாய் ஆனவர். 1958 ஆகஸ்டில் அவர் அம்மா இறந்தார். அக்டோபர் 1 அன்று எல்விஸ் ஜெர்மனியில் கப்பலைவிட்டு இறங்கினார். ஃப்ரீட்பெர்க் முகாமில் வேலை, கிராஃபன்வோரில் பயிற்சி. முகாமுக்குப் பக்கத்தில் பாட் நவ்ஹைம் ஊரில் அப்பாவோடும் பாட்டியோடும் வாடகை வீட்டில் இருந்தார். ரசிகர்கள் தொல்லை தாங்காமல் வாசலில் ஒரு போர்டு: ஆட்டோகிராஃப் இரவு 7.30 முதல் 8 மணி வரை மட்டும்!

சொந்த ஊரில் கிடைக்காத சுதந்திரம்

இந்தக் கதைகளில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது கறுப்பின வீரர்களின் நினைவுகள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அன்று வெள்ளையர் சாப்பிடும் ஹோட்டலுக்குள் அவர்கள் நுழைய முடியாது. பஸ்ஸில் பின்சீட். ராணுவத்திலேயே இனப் பிரிவினை இருந்தது. அதை நீக்க 1948-ல் அதிபர் ட்ரூமன் ஆணையிட்டும், ஐரோப்பாவில் இருந்த படைகளில் அது நடைமுறைக்கு வர 1952 ஆனது.

அப்படிப்பட்ட இளைஞன் ஜெர்மனியில் ஒரு கடைக்குள் போகிறான். உட்காரச் சொல்லிச் சாப்பாடு வைக்கிறார்கள். விரும்பிய இடத்துக்குப் போக முடிந்ததும், விரும்பியவரோடு பழக முடிந்ததும் தென்மாநிலத்து வீரர்களுக்குப் புதுக்காற்றைச் சுவாசித்த மாதிரி இருந்தது என்கிறார் பவல். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. முகாம்களைச் சுற்றியிருந்த பார்களில் வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி என்ற வழக்கமும் வந்து சேர்ந்தது. ஆனாலும் தங்களைத் தோற்கடிக்கப்பட்ட நாட்டில் மனிதனாக நடத்தினார்கள், காவல் காக்க அனுப்பிய சொந்த நாடு நடத்தவில்லை என்ற வலியோடு ஊர் திரும்பியவர்கள் உண்டு.

ஜெர்மனியா, வியட்நாமா?

1973 வரை அமெரிக்காவில் கட்டாய ராணுவ சேவை இருந்தது. வியட்நாம் போர் நடந்த வருடங்களில், பயிற்சி முடித்த பையன் கையில் ஒரு காகிதம் கொடுப்பார்கள். அதில் ஜெர்மனி என்று இருந்தால் பனியும் பீரும். வியட்நாம் என்று இருந்தால் காடும் கண்ணிவெடியும். ஒரே முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்களைப் பிரித்தது அந்த ஒரு வரி. ஜெர்மனியில் இருந்தவர்கள் தங்கள் கதையைக் கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஜெர்மனியிலும் சாவு இல்லாமல் இல்லை. 1960 செப்டம்பர் 2 அன்று காலை, கிராஃபன்வோரில் பயிற்சிக்காகச் சுடப்பட்ட பீரங்கிக் குண்டு ஒன்று இலக்கைத் தாண்டி வீரர்களின் கூடார வரிசையில் விழுந்தது. 16 பேர் இறந்தார்கள். எதிரி யாரும் இல்லை. 1986 ஏப்ரல் 5 அன்று மேற்கு பெர்லினில் அமெரிக்க வீரர்கள் கூடும் 'லா பெல்' டிஸ்கோவில் குண்டு வெடித்தது. இரண்டு வீரர்களும் துருக்கியப் பெண் ஒருவரும் பலியானார்கள். 200-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அவர்கள் இருந்தது போர்க்களத்தில் இல்லை. லீவு நாளில் ஆடப் போன இடத்தில்.

வராத எதிரி

1989 நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்தது. ஃபுல்டா எல்லையிலும் கதவு திறந்தது. டாங்கிகள் வரும் என்று 40 வருடங்களுக்கு மேல் காத்திருந்த பாதையில் வந்தவை குட்டிக் குட்டி டிராபான்ட் கார்கள். உள்ளே கிழக்கு ஜெர்மனிக் குடும்பங்கள், பின்சீட்டில் குழந்தைகள். ஜெர்மனியில் பயிற்சி எடுத்த படைகளில் பல அடுத்த வருடமே வளைகுடாப் போருக்குக் கிளம்பின. சேற்றில் கற்றதைப் பாலைவன மணலில் பயன்படுத்தினார்கள்.

எல்விஸ் இருந்த ஃப்ரீட்பெர்க் முகாம் 2007-ல் மூடப்பட்டது. ஃபுல்டா எல்லையில் இருந்த 'பாயின்ட் ஆல்ஃபா' காவல் நிலை இன்று அருங்காட்சியகம். அந்தக் கோபுரத்தின் அருகே பேரப்பிள்ளைகளோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள் அன்றைய சிப்பாய்கள். கிராஃபன்வோரில் மட்டும் பீரங்கிச் சத்தம் இன்னும் ஓயவில்லை. சமீப ஆண்டுகளில் உக்ரைன் வீரர்கள் அங்கே பயிற்சி எடுத்திருக்கிறார்கள்.

'நீங்க எந்தப் போர்ல சண்டை போட்டீங்க தாத்தா?' என்று பேரன் கேட்டால், 'எதுலயும் இல்லடா' என்றுதான் இவர்களில் பலரால் சொல்ல முடியும். அதைச் சொல்ல அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் போர் மட்டும் நடந்திருந்தால், அது அணுகுண்டுப் போராக மாறியிருந்தால், ஷ்னிட்சல் கதை சொல்ல அவரும் இருந்திருக்க மாட்டார், கேட்கப் பேரனும் இருந்திருக்க மாட்டான்.

உங்கள் வீட்டிலும் ஒரு முன்னாள் ராணுவத்தினர் இருக்கிறாரா? இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, சண்டையைப் பற்றிக் கேட்காமல் முதல் போஸ்டிங்கில் என்ன சாப்பாடு போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொன்ன கதையை எங்களுக்கும் எழுதுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்!