மாத்திரை போய்ச் சேரும் குளம்

மைசூரு நகரின் கழிவுநீர் வித்யாரண்யபுரம், ராயனகெரே, கேசரே ஆகிய மூன்று சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செல்கிறது. மூன்றும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 15.7 கோடி லிட்டரைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டவை. இயந்திரங்கள் அங்குள்ள சுத்திகரிப்புக் குளத்து நீரில் காற்றைக் கலப்பதோடு சரி. அழுக்கைத் தின்று தீர்ப்பவை பாக்டீரியாக்கள். பாக்டீரியாவைக் கொல்வதற்கென்றே செய்த மருந்துகளையும் அதே சாக்கடையில்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

நாம் விழுங்கும் ஆன்டிபயாட்டிக் முழுவதும் உடலிலேயே தீர்ந்துவிடுவதில்லை. அமாக்சிசிலின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றின் பெரும்பகுதி உருமாறாமலே வெளியேறுகிறது. மருத்துவமனை, மருந்து ஆலைகளின் அடர்த்தியான கழிவு வந்து சேர்ந்தால், அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களே எளிதில் அடிபடும். மெதுவாகப் பெருகும் அவை மீண்டுவர நாளாகும். அதுவரை மீன்களுக்கு நஞ்சான அம்மோனியா நீரோடு வெளியேறும்.

வீட்டுக் கழிவுநீரில் மருந்தின் அளவு மிகக் குறைவு. அதனால் சுத்திகரிப்பு நின்றுவிடாது. ஆனால், அங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. கொல்லாத அளவு மருந்தில், அதைத் தாங்கும் பாக்டீரியாக்களே மிஞ்சிப் பெருகுகின்றன. அந்தத் தாங்குதிறனைத் தரும் எதிர்ப்பு மரபணுவை அவை வேற்று இனங்களுக்கும் கைமாற்றுகின்றன. குடலிலிருந்து வந்தவையும் நீரில் வாழ்பவையும் நெருங்கி வாழும் சுத்திகரிப்புக் குளம் அதற்குத் தோதான இடம்.

ஹைதராபாத் அருகே பட்டன்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. சிகிச்சை பெறும் நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. காவிரி நீரிலும் அந்த மருந்தின் எச்சம் இருப்பதை, சென்னை ஐஐடி பேராசிரியர் லிஜி பிலிப் குழுவினரின் ஆய்வு 2021இல் வெளிப்படுத்தியது.

மருந்து ஆலைக் கழிவில் ஆன்டிபயாட்டிக் எச்சத்துக்கு வரம்பு விதிக்கும் வரைவை ஒன்றிய அரசு 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021இல் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இல்லை. அவற்றை மீண்டும் கொண்டுவர வேண்டும். மருத்துவமனைகள் தம் கழிவுநீரிலுள்ள மருந்தை அகற்றிய பிறகே பொதுச் சாக்கடையில் விட வேண்டும். சுத்திகரிப்பு நிலையங்களில் மிஞ்சும், மருந்தை உறிஞ்சிவைத்திருக்கும் கசடைச் சோதிக்காமல் வயலுக்கு உரமாக்கக் கூடாது. மீந்த மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டும் வழக்கத்தை நாமும் விட வேண்டும்.

மைசூருவின் வடிகால்கள் கபினியை நோக்கியும் காவிரியை நோக்கியும் இறங்குகின்றன. இரண்டும் சேர்ந்தே மேட்டூருக்கு வருகின்றன. அந்த நீரை டிஎம்சி கணக்கில் அளந்து வாதாடும் இரு மாநிலங்களும், அதில் கரைந்துவரும் மருந்தை மைக்ரோகிராம் கணக்கில் சேர்ந்து அளக்கத் தொடங்கட்டும்.