தலையிடியன்று, மூளைக்காயம்!

“தலையிடி” என்றார் அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் டிரம்ப். 2020 ஜனவரியில் ஈராக்கின் அல் அசாத் தளத்தின்மீது ஈரானின் ஏவுகணைகள் விழுந்தபின், தம் படையினருக்கு நேர்ந்ததை அவர் அவ்வாறுதான் வருணித்தார். வைத்தியர்களோ நூற்றுக்கு மேற்பட்டோருக்கு மூளைக்காயம் எனக் கண்டனர்.

வெடியதிர்ச்சியை அளக்க வழியே இல்லையா? இருந்தது! 2011ஆம் ஆண்டளவில் ஆப்கானிஸ்தானிலிருந்த அமெரிக்கப் படையினருக்கு வெடியதிர்வுமானி வழங்கப்பட்டது. தலை, தோள், மார்பு ஆகிய மூன்றிடங்களில் அணிந்த இச்சிறு கருவி, வெடிப்பின் காற்றழுத்தத்தை அளந்து பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளாற் காட்டிற்று. 2016ஆம் ஆண்டளவில் அதனைக் கைவிட்டனர். காரணம் யாது? மூளைக்காயத்தை அது நம்பத்தக்கவாறு காட்டவில்லையாம்!

நன்று! கதிர்வீச்சுக் கூடத்துத் தொழிலாளி சட்டையில் அணியும் கதிர்மானி புற்றுநோயைக் கண்டறிகின்றதா? பட்ட கதிரின் அளவைப் பதிகின்றது, அவ்வளவே. அப்பதிவு இருப்பதனாலன்றோ எல்லை கடந்தவனை வேலையினின்றும் விலக்க முடிகின்றது? நாளை அவன் நோயுற்றால், நட்டஈடு கேட்பதற்கு ஓர் ஆதாரமும் கையிலிருக்கும். சிப்பாய்க்கு மட்டும் அக்கணக்கு ஏன் மறுக்கப்பட்டது? கணக்கு இருப்பின் பொறுப்பும் ஏற்கவேண்டும் என்பதனாலா?

பகைவனின் குண்டுதான் மூளையைத் தாக்கும் என்பதில்லை. தோளில் வைத்துச் சுடும் கார்ல் குஸ்தாவ் பீரங்கியின் அதிர்வு சுடுபவனையே தாக்குகின்றது. பயில வந்தவன் சில வெடிகளோடு போய்விடுகின்றான். பயிற்றுவிப்பவனோ ஆண்டுக்கணக்காக அங்கேயே நிற்கின்றான். 2023 ஒக்டோபரில் மெயின் மாநிலத்து லூயிஸ்டனில் 18 பேரைச் சுட்டுக்கொன்ற சேமப்படையாள், கைக்குண்டுப் பயிற்சிக்களத்தில் பல்லாண்டு பணியாற்றியவன். அவன் மூளையிலே பொஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர் காயத்தின் தடயங்களைக் கண்டனர். கொலைக்கு அதுவே காரணமென்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் இத்தகைய களங்களில் நின்றோர் தலை எத்தனை அதிர்வைத் தாங்கிற்றென்று ஆள்வாரியாக அளந்தெழுதும் வழக்கம் இருந்ததில்லை. அதுவே நம் குற்றச்சாட்டு.

2024 ஓகஸ்டில் பென்டகன் விழித்தது. சதுர அங்குலத்துக்கு 4 இறாத்தல் அழுத்தத்தை எல்லையாக வகுத்தது. புதிதாய்ச் சேர்வோரின் சிந்தனைத்திறனைத் தொடக்கத்திலேயே சோதிக்கவும் பணித்தது. வரவேற்கிறோம். ஆயினும், மானியில்லாதவன் எல்லையைக் கடந்தானா இல்லையா என்பதை எவர் அறிவார்? வெடியருகே நிற்கும் ஒவ்வொருவனுக்கும் மானி கொடுங்கள். பதிவை அவனது வைத்திய ஏட்டிற் சேருங்கள். அதன் பிரதியொன்றை, படையதிகாரியின் பெட்டியிலன்று, அவன் கையிலேயே கொடுங்கள்!