சித்தம் விலகி நிற்கும் நிலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

துயருற்றோர் தம் கதையை வாய்விட்டுச் சொல்லி அழுதுவிட்டாலே நோய் பாதி தீர்ந்துவிடும் என்று சென்ற இதழின் கட்டுரை கூறுவதை, நெடுங்காலமாக மனநல ஆலோசனைப் பணியில் இருக்கும் என்னால் ஏற்க இயலவில்லை.

பால்யத்தில் சொந்த வீட்டிலேயே கொடுமைக்கு ஆளான ஒரு பெண்மணி (அவர் சம்மதத்துடனேயே எழுதுகிறேன்), அக்கதையை நான் அவசரப்பட்டுக் கேட்கத் தொடங்கியதும், குரல் தேய்ந்து, பார்வை ஜன்னல் கம்பியில் நிலைகுத்தி, கையிலிருந்த தம்ளர் சாய்ந்து புடைவை நனைவதையும் அறியாமல் அமர்ந்திருந்த காட்சி இன்னும் என் மனத்தைவிட்டு அகலவில்லை. ஓடவும் எதிர்க்கவும் வழியற்ற குழந்தை, உடலை அங்கேயே விட்டுப் பிரக்ஞையை மட்டும் அகற்றிக்கொண்டு பிழைத்த உபாயமே, ஆபத்து நீங்கிப் பல்லாண்டு கழிந்த பின்னும் இவ்வாறு தானே வந்து கவிந்துகொள்கிறது. டிஸ்ஸோஸியேஷன் எனப்படும் இதைப் பாசாங்கென்றும் பேய்பிடித்ததென்றும் சொல்வது பெரும் அநீதி.

பிரெஞ்சு அறிஞர் பியேர் ழானே 1889-இலேயே பிரக்ஞையின் இப்பிளவை விரிவாக ஆராய்ந்து நூல் வெளியிட்டார். அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் எழுதிய நூலோ, முதலில் பாதுகாப்பு, பின்னரே நினைவுகூர்ந்து துக்கித்தல், அதன்பின் உலகத்தோடு மீண்டும் இணைதல் என்று சிகிச்சையின் கிரமத்தை வகுத்துக் காட்டியது.

அன்று அப்பெண்மணியிடம் கேள்வி கேட்பதை நிறுத்தி, பாதம் தரையில் பதிந்திருப்பதை உணருமாறும், கண்ணில் படுபவற்றைப் பெயர் சொல்லுமாறும் மெல்ல வேண்டினேன்; "விசிறி... காலண்டர்..." என்று முணுமுணுத்தபடியே அவர் திரும்பி வந்தார். பழங்கதையைப் பேச மேலும் பல மாதங்கள் ஆயின.

அவசரப்பட்டுக் கதை கேட்பது தீங்கு விளைவிக்கக்கூடும் என்பதை அடுத்த இதழில் தெளிவுபடுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மனநல ஆலோசகர்