பிரயாண நேரமும் உழைப்பு நேரமே

தொழிலாளி ஒருவர் தொழிற்சாலை வாயிலுக்குள் கால் வைக்கும் கணத்திலிருந்தே அவருடைய உழைப்பைக் கணக்கிடுவது வழக்கமாகிவிட்டது. அவர் எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்குப் புறப்பட்டார் என்பதை வருகைப் பதிவேடு கேட்பதில்லை. இக்கணக்கு எத்துணைக் குறைபாடுடையது என்பதைக் கோலார் தங்கவயலைச் சேர்ந்த சாம்பியன் ரீப்ஸின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

கூண்டுப் பிரயாணம்

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் பொறுப்பேற்ற பின்னர், சுரங்க வாய்களைச் சுற்றியே தொழிலாளர் லயன்கள் எழுந்தன. வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் சங்கொலி கேட்டதும் வீட்டிலிருந்து நடந்தே வேலைக்குச் சென்றனர். அவர்களுடைய நெடும் பிரயாணம் தரையின் மீது நிகழவில்லை. தரைக்குக் கீழே நிகழ்ந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தை எட்டியது. அத்துணை ஆழத்திற்கு ஒரே கூண்டில் இறங்கிவிட இயலாது. கூண்டில் இறங்கி, சுரங்க வழியே நடந்து, மீண்டும் வேறொரு கூண்டில் இறங்கிக் கட்டம் கட்டமாகவே வேலையிடத்தை அடைய வேண்டியிருந்தது.

இந்நேரம் யாருடைய கணக்கில் சேரும் என்ற வினா உலகெங்கும் சுரங்கத் தொழிலில் எழுந்ததே. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1931-ஆம் ஆண்டில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கென ஓர் உடன்படிக்கையை வகுத்தது. இறங்குவதற்காகத் தொழிலாளி கூண்டில் ஏறும் நேரம் முதல், மேலே வந்து கூண்டைவிட்டு வெளியேறும் நேரம் வரையில் சுரங்கத்தில் கழித்த நேரமாகவே கொள்ள வேண்டும் என்று அது கூறியது. போதிய நாடுகள் ஏற்காமையால் அவ்வுடன்படிக்கை நடைமுறைக்கு வரவில்லை. ஆயினும் அதனுள் அமைந்த கருத்து அறிவுக்குப் பொருந்தியதே: வேலையிடத்தை அடைவதற்குச் செலவாகும் நேரமும் வேலையின் ஒரு பகுதியேயாகும்.

கூண்டுக்குப் பதிலாக ரயில்

தங்கச் சுரங்கங்களை 1956-ஆம் ஆண்டில் மைசூர் அரசாங்கமும், 1962-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கமும் ஏற்றன. 1972-ஆம் ஆண்டில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை அகன்றது; வீடுகளும், பள்ளிகளும், உறவினரும் அங்கேயே இருந்தனர். ஆதலின் மக்கள் ஊரைவிட்டு நீங்காமல், வேலையைத் தேடி நாள்தோறும் பெங்களூருக்குச் சென்று திரும்பலாயினர்.

1894-ஆம் ஆண்டில் சுரங்கங்களின் தேவையை முன்னிட்டுத் திறக்கப்பட்ட பங்காருப்பேட்டை–மாரிக்குப்பம் கிளைப் பாதையே இன்று இவர்களுக்கு உயிர்நாடி. ஏறக்குறைய 16 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையில் கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் முதலிய நிலையங்கள் உள்ளன. அதிகாலையில் இங்கு ரயிலேறும் ஆயிரக்கணக்கானோர் பங்காருப்பேட்டை, மாலூர், ஒயிட்ஃபீல்டு வழியாக எண்பது கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து தலைநகரை அடைகின்றனர். இரவில்தான் வீடு திரும்புகின்றனர்.

வீட்டு வாயிலிலிருந்து வேலையிட வாயில் வரையில் ஒரு வழிக்கு இரண்டரை மணி ஆவதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 5 மணி. மாதத்தில் 25 வேலை நாட்களுக்கு 125 மணி. எட்டு மணி நேரத்தை ஒரு வேலை நாளாகக் கொண்டால், இது பதினைந்து நாட்களுக்கும் மிகுதி. அதாவது, ஊதியமில்லாத அரை மாத உழைப்பு. குழந்தையின் பாடத்தைக் கவனிக்கும் நேரமும், உறக்கமும், ஓய்வும் இதிலிருந்தே கழிகின்றன.

சலுகை பணத்திற்கு மட்டுமா?

ரயில்வேயின் மாதாந்தரப் பருவச் சீட்டு 150 கிலோமீட்டர் வரையில் கிடைக்கிறது. அதன் கட்டணமும் குறைவு. இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் சீட்டு பணச் செலவை மட்டுமே குறைக்கிறது. நேரச் செலவைக் குறைப்பதில்லை. ஒற்றைப் பாதையில் ரயில் காத்து நின்றாலும், பெட்டிகள் போதாமல் நின்றுகொண்டே செல்ல நேர்ந்தாலும், அந்நட்டம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

ஊரிலேயே தொழில்களை நிறுவிவிட்டால் இப்பிரயாணமே வேண்டாமன்றோ எனச் சிலர் வினவக்கூடும். அது விரும்பத்தக்கதே. 1964-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் தங்கவயலில் தொழிற்சாலை நடத்தி வருவதும் உண்மையே. ஆயினும் ஒரு தொழிற்சாலை எழப் பல ஆண்டுகள் ஆகும். ரயிலோ நாளைக் காலையிலேயே வேண்டும். ஒன்றைக் காரணங்காட்டி மற்றொன்றை ஒத்திவைத்தல் முறையாகாது.

சாலையே போதும் என்போரும் உளர். பேத்தமங்கலத்தின் அருகே பெங்களூர்–சென்னை அதிவேகச் சாலை செல்கிறது. அதில் இரு சக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் இடமில்லை; கார் இல்லாத தொழிலாளிக்கு அதனால் விளையும் பயன் சிறிதே. பௌதிக விதியும் ரயிலையே ஆதரிக்கிறது. எஃகுத் தண்டவாளத்தின் மீது எஃகுச் சக்கரம் உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு, சாலையில் ரப்பர் டயர் சந்திக்கும் எதிர்ப்பில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. எனவே நிறைந்து செல்லும் ரயிலில் ஒருவரை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்லத் தேவைப்படும் சக்தி, ஒருவரே அமர்ந்து செல்லும் காருக்குத் தேவையானதில் ஒரு சிறு பகுதியேயாகும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, தங்கவயல் ரயில்களின் கால அட்டவணை வேலை முறைகள் தொடங்கும், முடியும் நேரங்களைத் தழுவி அமைதல் வேண்டும். பத்து நிமிடத் தாமதம் ஒருவருடைய அரை நாள் ஊதியத்தை விழுங்கிவிடலாம்.

இரண்டாவதாக, இணைப்புகள் சீராதல் வேண்டும். ஒயிட்ஃபீல்டு வரையில் 2023-ஆம் ஆண்டு முதல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. 2020-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் ஒப்புதல் அளித்த 148 கிலோமீட்டர் புறநகர் ரயில் திட்டத்திலும் கெங்கேரியிலிருந்து வரும் பாதை ஒயிட்ஃபீல்டுடன் முடிகிறது. நகரத்தின் எல்லை அங்கே முடியலாம். நகரத்திற்கு உழைப்பவர்களின் எல்லை அங்கே முடிவதில்லை. இறங்கி மாறுவதற்கு ஏற்ற நேரப் பொருத்தமும், ஒரே சீட்டில் இரு ஊர்திகளிலும் செல்லும் வசதியும் ஏற்பட்டால், புதிய தண்டவாளம் இடாமலேயே பல நிமிடங்கள் மிச்சமாகும்.

மூன்றாவதாக, வீட்டிற்கும் நிலையத்திற்கும் இடையேயுள்ள சிறு தூரத்தையும் கருதுதல் வேண்டும். விளக்கு வசதியுள்ள நடைபாதை, கூரையுள்ள சைக்கிள் கொட்டகை, முதல் ரயிலுக்கும் கடைசி ரயிலுக்கும் பொருந்திய நகரப் பேருந்து ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்பும் பெண் தொழிலாளருக்கு இவை சௌகரியம் மட்டுமல்ல, பாதுகாப்புமாகும்.

இவையனைத்திற்கும் அடிப்படை அளவீடே. அதில் ஆசிரியர்களும் கள ஊழியர்களும் பெருந்துணை புரியலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தத்தம் வீட்டினரின் பிரயாணத்தை நான்கு கூறுகளாக ஒரு வாரம் குறித்து வரட்டும்: வீட்டிலிருந்து நிலையம், நிலையத்தில் காத்திருப்பு, ரயிலில் செலவான நேரம், இறங்கிய பின் வேலையிடம் வரையிலான நேரம். சராசரி காணவும் வரைபடம் தீட்டவும் அது நல்ல கணிதப் பாடம். அதே ஏடு கள ஊழியரின் கையில் சேருமாயின், எந்தக் கூறில் நேரம் மிகுதியாக வீணாகிறது என்பதை ரயில்வே அதிகாரிகளுக்கும் நகராட்சிக்கும் எண்களாலேயே எடுத்துரைக்கலாம். அளந்து காட்டப்படாத குறை வெறும் முறையீடாகவே நின்றுவிடும்.

சாம்பியன் ரீப்ஸில் தந்தையர் கூண்டில் கழித்த நேரத்தை உழைப்பு என்று உலகம் ஒப்புக்கொள்ள முன்வந்தது. மக்கள் இன்று ரயிலில் கழிக்கும் நேரத்திற்கும் அந்த மதிப்பை அளிப்பதே நியாயம்.